மணலைத் தேடும் கரை

காலை ஐந்து மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருட்டு முழுதாக விலகியிருக்காது. ஆனால் கூட்டம் வந்துவிடும். முந்தின நாள் மாலை 6 மணிக்கு வைத்த தடுப்புகளைக் காலை 7.30 வரை எடுப்பதில்லை என்பதால், பின்னால் ஹாரன் அலறும் என்ற பயமின்றி நடுச்சாலையில் நடக்கலாம். இந்திய நகரவாசிக்கு இதைவிடப் பெரிய ஆடம்பரம் வேறில்லை.

ஓய்வுபெற்ற சர்க்கார் குமாஸ்தாக்கள், ஆசிரமத்து வெள்ளை அரைக்கால் சட்டைகள், பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி பென்ஷன் வாங்கும் 'சொல்தா' குடும்பத்துப் பெரியவர்கள் எனத் தினசரி முகங்கள் உண்டு. சனிக்கிழமைகளில் பெங்களூர் பஸ்களில் இரவெல்லாம் தூங்காமல் வந்தவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். ஹெப்பகோடியில் ஏரிக்கரையைச் சுற்றி நடந்து பழகிய கால்களுக்கு உப்புக்காற்று ஒரு கிறக்கம். பையைக்கூட அறையில் வைக்காமல் நேரே கடலைப் பார்க்க வந்துவிடுகிறார்கள்.

மொத்தம் ஒன்றரை கிலோமீட்டர்தான். தெற்கே டூப்ளே சிலை, நடுவில் கருங்கல் தூண்கள் சூழ காந்தி, பக்கத்தில் 1836இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம், வடக்கே தலைமைச் செயலகம். இடப்பக்கம் சரித்திரம், வலப்பக்கம் கடல் என்று வடக்கு நோக்கி நடக்கும் வெளியூர்க்காரருக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைக்கிறது. கடற்கரை என்கிறார்கள், பெரும்பகுதியில் கரையைக் காணோம். அலை வந்து மோதுவது கருங்கற்கள்மேல்.

மணல் இருந்தது. ஊரில் வயதானவர்கள் அதில் கபடி ஆடியதைச் சொல்வார்கள். இயற்கைத் துறைமுகம் என்ற ஒன்று புதுவைக்கு அமையவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய 18ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, சலங்குகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கை இறக்கின. பிறகு வந்த இரும்புப் பாலம் 1952 புயலில் போயிற்று. அதற்குப் பதிலாகக் கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. கடலோடு இந்த ஊர் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அதிகநாள் நிலைப்பதில்லை.

அதில் விலை உயர்ந்தது 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் எழுந்த துறைமுகம். வங்கக் கடலின் இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகத்தின் கல்கரங்கள் அந்த வழியில் குறுக்கே நின்றன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்தின் கரை கரைந்தது. சேர்ந்த மணலை அள்ளி வடக்கே அனுப்புவது திட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. தொடர்ந்து நடந்திருந்தால் இத்தனை கற்கள் தேவைப்பட்டிருக்காது. எந்த அரசாங்கத்துக்கும் கட்டுவதில் இருக்கும் உற்சாகம் பராமரிப்பதில் இருப்பதில்லை.

2004 சுனாமியின்போது நகரின் இந்தப் பகுதி அதிக சேதமின்றித் தப்பியதில் அந்தக் கற்களுக்குப் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. 2018இல் சென்னையின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவ இரும்புத் தடுப்பு ஒன்றை இறக்கியது. அலையின் வேகம் தணிந்தது, மணல் திரும்ப ஆரம்பித்தது. பல வருஷங்களுக்குப் பிறகு குழந்தைகள் அங்கே வீடு கட்டி விளையாடினார்கள். அந்த மணல் தந்த தைரியத்தில் கடலில் இறங்கி உயிரை விட்டவர்களும் உண்டு. காலையில் போலீஸ்காரரின் விசில் அலையைவிடச் சத்தமாகக் கேட்பது அதனால்தான்.

நடப்பவர்கள் பெரும்பாலும் தலைமைச் செயலகத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்கு வடக்கே மீனவர் குப்பங்கள். ஓரிடத்தில் கல் கொட்டினால் அரிப்பு நின்றுவிடுவதில்லை, அடுத்த ஊருக்கு நகர்கிறது. குப்பங்களைக் கடந்து தமிழ்நாட்டு எல்லைக்குள் போனால் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக அதே கதை. வீடுகள் போயின, தென்னைகள் போயின, கரைவலை இழுக்கக் கால் ஊன்றிய மணல் போயிற்று. அங்கேயும் தூண்டில் வளைவு கேட்டு மறியல் நடந்தது. சில இடங்களில் போட்டார்கள். போட்ட இடத்துக்கு வடக்கே உள்ளவர்கள் இப்போது கவலைப்படுகிறார்கள்.

சின்னமுதலியார்சாவடிக்கு இங்கிருந்து சில கிலோமீட்டர்கள்தான், வேகமாக நடப்பவர்களுக்கு ஒரு மணி நேரம். ஆனால் கடலோரமாகவே நடந்து போக முடியாது. பல இடங்களில் கால் வைக்கக் கரை கிடையாது.