ரூபின்ஸ்டைனின் யானை

ஆளுக்கொரு ராஜா, ஆளுக்கொரு யானை, ஆளுக்கு நான்கு சிப்பாய். இப்படி ஒரு நிலையைப் பலகையில் வைத்து, "யாருக்குச் சாதகம்?" என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் முதலில் காய்களை எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் ஒரு குரல் வரும்: "சமம் சார். டிராதானே?"

1909-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போட்டியில் ருடால்ஃப் ஸ்பீல்மனுக்கும் அகிபா ரூபின்ஸ்டைனுக்கும் நடுவே வந்த நிலை இது. வெள்ளைக்காய் ஸ்பீல்மனுடையது. கறுப்பை ஆடிய ரூபின்ஸ்டைன் வென்றார். சதுரங்கம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் நான் எந்த ஆண்டு எந்த வகுப்பை எடுத்தாலும் இந்த ஆட்டத்தை வைக்காமல் விடுவதில்லை. காய்கள் சமமாக இருந்தாலும் வேலை சமமாக இருப்பதில்லை. இதை ரூபின்ஸ்டைன் அளவுக்குத் தெளிவாகப் பலகையில் காட்டியவர் வேறு எவரும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வெள்ளையின் சிப்பாய்கள் ஏ, டி, எஃப், எச் வரிசைகளில் தனித்தனியாக நிற்கின்றன. ஒன்றுக்கொன்று துணையில்லை. கறுப்புக்கு டி வரிசையில் ஒரு சிப்பாய் தனியே நிற்க, மற்ற மூன்றும் ராஜாவின் பக்கம் கைகோத்து நிற்கின்றன. ரூபின்ஸ்டைன் முதலில் யானையை ஏ8-க்குக் கொண்டுவந்தார். ஏ3-இல் நிற்கும் சிப்பாய்க்கு ஆபத்து. ஸ்பீல்மன் தன் யானையை சி3-இல் வைத்துக் காத்தார். அடுத்து கறுப்பு யானை ஏ4-க்கு இறங்கியது. இப்போது அது கீழே பார்த்தால் ஏ3 சிப்பாய், பக்கவாட்டில் பார்த்தால் டி4 சிப்பாய். இரண்டையும் ஒரே காய் மிரட்டுகிறது. வெள்ளை யானை டி3-க்கு நகர்ந்தது. அங்கிருந்தால் இரண்டையும் காக்கலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு யானை தாக்குகிறது, ஒரு யானை காக்கிறது, கணக்கு நேர். ஆனால் கறுப்பு யானை நினைத்தபோது அங்கிருந்து போகலாம். வெள்ளை யானை டி3-ஐ விட்டு அசைந்தால் ஏதாவது ஒரு சிப்பாய் போகும். ஒருவர் விருந்தாளி, மற்றவர் காவலாளி. பிள்ளைகளிடம் நான் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "அடுத்து கறுப்பில் எந்தக் காய் இன்னும் வேலைக்கு வரவில்லை?" என்று கேட்பேன். பதில் வந்துவிடும்: ராஜா.

ராஜா இ7, இ6, டி5 என்று படிப்படியாக நடந்தது. பிறகு சி4. நடுவில் எஃப், ஜி சிப்பாய்களையும் ரூபின்ஸ்டைன் தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டார். டி6-இல் இருந்த சிப்பாயை டி5-க்குத் தள்ளினார். இவ்வளவு நேரமும் ஸ்பீல்மனால் செய்ய முடிந்ததெல்லாம் ராஜாவை அருகே கொண்டுவருவதும், யானையைப் பக்கத்தில் எடுத்துத் திரும்ப வைப்பதும்தான். அதன்பின் வந்தவைதான் நான் மிகவும் நேசிக்கும் நகர்வுகள். ரூபின்ஸ்டைன் தன் யானையை ஏ4-இலிருந்து ஏ8-க்குத் திரும்ப எடுத்தார். வெள்ளை ராஜா சி2-க்கு வந்தது. அவர் யானையை ஏ7-இல் வைத்தார். ஒரே ஒரு கட்டம். எதையும் வெட்டவில்லை, எதையும் மிரட்டவில்லை. வெள்ளை ராஜா டி2-க்குத் திரும்ப, யானை இ7-க்கு வந்து இ வரிசையை அடைத்தது. வெள்ளைக்கு நல்ல நகர்வு என்று ஒன்றும் மிச்சமில்லை. ராஜா சி2-க்குப் போனால் யானை இ2-இல் செக் கொடுத்து எஃப்2 சிப்பாயை எடுக்கும். ஸ்பீல்மன் யானையை சி3-இல் வைத்து செக் கொடுத்தார். கறுப்பு ராஜா டி4 சிப்பாயை வெட்டியது. அது 42-ஆவது நகர்வு. அதற்குப் பிறகும் ஆட்டம் நீண்டது. அதே நிதானத்தில்தான் அவர் அதை முடித்தார்.

ஏ8-இலிருந்து ஏ7-க்குப் போன அந்த ஒற்றைக் கட்டத்தை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்துவிட்டால் அன்று எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார்? போலந்தின் ஸ்டாவிஸ்கி என்ற சிற்றூரில் 1880-இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. நிறையப் பிள்ளைகள் பிறந்த வீடு அது. சமயக் கல்வி படித்து ரபி ஆக வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். சதுரங்கம் அவர் கைக்கு வந்தது பதின்ம வயதில்தான். ஐந்து வயதில் பயிற்சிக்கு அனுப்பாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பதறுகிற பெற்றோர் என்னிடம் வருவதுண்டு. அவர்களுக்கு இந்தத் தகவலை நான் முதலில் சொல்வேன். பிறகு அவர் ஆலை நகரமான வூச்சுக்குப் போனார். அங்கே கியோர்க் சால்வே என்ற வலுவான ஆட்டக்காரர் இருந்தார். அவரோடு ஆடி ஆடித்தான் ரூபின்ஸ்டைன் வளர்ந்தார். கொஞ்ச காலத்தில் சால்வேயைத் தாண்டியும் போனார்.

1907-இல் கார்ல்ஸ்பாத் போட்டியில் முதலிடம். அதே ஆண்டு வூச்சில் ரோட்லெவியுடன் ஆடிய ஆட்டம் உலகின் எல்லாத் தொகுப்பு நூல்களிலும் இடம்பெறுவது. ராணியை எதிரியின் சிப்பாய் வெட்டும்படி விட்டுவிட்டு, யானையால் சி3-இல் இருந்த குதிரையை வெட்டினார். அடுத்து இன்னொரு யானையை டி2-இல் வெள்ளை ராணிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். கடைசியில் சி3 யானை எச்3-க்குப் பாய்ந்ததும் ரோட்லெவி தோல்வியை ஒப்புக்கொண்டார். பார்ப்பவர்கள் அந்தத் தியாகங்களைக் கண்டு வியப்பார்கள். வியக்கத்தான் வேண்டும். ஆனால் நான் வகுப்பில் பின்னோக்கிப் போய் 10-ஆவது நகர்வுப் பக்கம் நிறுத்துவேன். இருதரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி காய்களை அடுக்கிய ஓப்பனிங் அது. வெள்ளை தன் ராணியை முதலில் டி2-இல் வைத்து, பிறகு இ2-க்கு மாற்றினார். பிஷப்பை டி3, சி4, மறுபடி டி3 என்று அலைக்கழித்தார். முதல் நகர்வு கையில் இருந்தவர் இப்போது பின்தங்கிவிட்டார். ரூபின்ஸ்டைனின் இரண்டு யானைகளும் இரண்டு பிஷப்புகளும் ஒரே நேரத்தில் ஆயத்தமாக நின்றது அந்த வீணான நகர்வுகளால்தான். மின்னல் போல வந்த முடிவுக்கு வித்து அந்தச் சாதாரண நகர்வுகளில் விழுந்திருக்கிறது. அங்கேயும் அவர் பார்த்தது அதே கேள்வியைத்தான்: யாருடைய காய்கள் வேலை செய்கின்றன, யாருடையவை சும்மா நடக்கின்றன?

1908-இல் சால்வேயுடன் ஆடிய ஆட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஒன்பதாவது நகர்வில் சி6-இல் குதிரையைக் குதிரையால் வெட்டினார். அங்கே கறுப்புக்கு ஒரு சிப்பாய் வந்து நின்றது. அது முன்னேற வேண்டுமென்றால் சி5-க்கு வர வேண்டும். குதிரையை ஏ4-இலும் யானையை சி1-இலும் வைத்து, பிஷப்பை இ3 வழியாக சி5-இலேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சிப்பாய்க்குக் கதியில்லை. ஒரு கட்டத்தைப் பிடித்தால் ஆட்டத்தையே பிடிக்கலாம் என்பதை விளக்க எனக்கு இதைவிட நல்ல ஆட்டம் கிடைத்ததில்லை.

1909 செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் உலகச் சாம்பியன் எமானுவேல் லாஸ்கரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். நேருக்கு நேர் ஆட்டத்தில் லாஸ்கரை வீழ்த்தினார். 1911-இல் சான் செபாஸ்டியானில் கபபிளாங்கா முதல் பரிசு வாங்கினார், ஆனால் அந்தப் போட்டியில் அவரைத் தோற்கடித்த ஒரே ஆள் ரூபின்ஸ்டைன். 1912-இல் சான் செபாஸ்டியான், பிஸ்டியான், பிரெஸ்லாவ், வார்சா, வில்னா என ஐந்து போட்டிகளில் முதலிடம். பிரெஸ்லாவில் மட்டும் துராஸுடன் பகிர்வு. அன்றைய காலத்தில் ஒரே ஆண்டில் இப்படி நடந்தது சதுரங்க உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

லாஸ்கருடன் பட்டத்துக்கான ஆட்டத்தொடர் 1914-இல் நடப்பதாக இருந்தது. அந்த ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அவருக்கு மோசமான போட்டி அமைந்தது. இறுதிச் சுற்றின் ஐவரில் அவர் இடம்பெறவில்லை. லாஸ்கர் அவரைத் தோற்கடித்தது, வேறெதிலும் இல்லை, ஒரு யானை எண்ட் கேமில். சில மாதங்களில் உலகப் போர் வெடித்தது. தொடர் நடக்கவே இல்லை. போர் முடிந்து 1922-இல் வியன்னாவில் அலெக்கைனையும் முந்தி முதலிடம் பெற்றார். ஆனால் அப்போது சாம்பியனாகியிருந்த கபபிளாங்காவைச் சவாலுக்கு அழைக்க 10,000 டாலர் திரட்ட வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. அவரால் அந்தப் பணத்தைப் புரட்ட முடியவில்லை. உலகப் பட்டம் வெல்லாதவர்களில் முதல் வரிசையில் வைக்கப்பட வேண்டியவர், பட்டத்துக்கு ஒருமுறைகூட ஆட வாய்ப்பில்லாமலே போனார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கும்.

அவருடைய மனநோயைப் பற்றிய கதைகள் ஏராளம் உலவுகின்றன. மனிதர்களைக் கண்டால் அவருக்கு அச்சம் ஏற்பட்டது. நகர்வைச் செய்துவிட்டு அரங்கின் ஒரு மூலைக்குப் போய் ஒதுங்கி நிற்பார். இவ்வளவு போதும். மற்றதையெல்லாம் சுவைக்காகச் சொல்பவர்களை நான் விரும்புவதில்லை. அந்த அச்சத்தோடு போராடிக்கொண்டே அவர் ஆடிய ஆட்டங்கள் நம் கையில் இருக்கின்றன. 1930-இல் ஹாம்பர்க் ஒலிம்பியாடில் போலந்து அணிக்காக முதல் பலகையில் 17 ஆட்டங்கள் ஆடி, 13 வெற்றி, 4 டிரா. ஒரு தோல்வியும் இல்லை. போலந்து தங்கம் வென்றது. அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. அந்தத் தங்க அணியில் உடன் ஆடிய தாவிட் பிஷபியூர்காவைப் பத்து ஆண்டுகள் கழித்து நாஜிகள் கொன்றார்கள். ரூபின்ஸ்டைன் 1932-க்குப் பிறகு போட்டிகளை விட்டு விலகி பெல்ஜியத்தில் இருந்தார். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பிலும் உயிர் பிழைத்தார். 1950-இல் உலகச் சதுரங்க அமைப்பு முதன்முறையாக கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கிய 27 பேரில் அவரும் ஒருவர். 1961-இல் ஆண்ட்வெர்ப்பில் காலமானார்.

அவர் விட்டுச்சென்றது ஓப்பனிங்கிலும் நிறையவே. நிம்ஸோ-இந்தியனில் வெள்ளை நான்காவது நகர்வாக சிப்பாயை இ3-க்கு வைப்பது, பிரெஞ்சு தற்காப்பில் மூன்றாவது நகர்வில் கறுப்பு இ4-இல் வெட்டிக்கொள்வது, நான்கு குதிரை ஆட்டத்தில் கறுப்புக் குதிரை டி4-க்குத் தாவுவது என்று பல வழிகள் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. அவற்றை மனப்பாடம் செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்று உண்டு. அந்த நகர்வுகளை அவர் தேர்ந்தெடுத்ததே, முப்பது நகர்வுக்குப் பிறகு தனக்கு எந்த எண்ட் கேம் வேண்டும் என்று தெரிந்ததால்தான். சிப்பாய் அமைப்பு எப்படி இருக்கும் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு அதற்கேற்ப ஓப்பனிங்கை எடுப்பது அவருடைய முறை. இன்றைக்குக் கணினி ஒரு நிலைக்குச் சுழியம் மதிப்புக் கொடுத்தவுடன் பிள்ளைகள் அதோடு பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ரூபின்ஸ்டைன் பார்க்கத் தொடங்கியதே அங்கிருந்துதான்.

2012-இல் மாஸ்கோவில் நம் ஆனந்தை உலகப் பட்டத்துக்காக எதிர்கொண்ட போரிஸ் கெல்ஃபாண்ட், சிறு வயதில் ரூபின்ஸ்டைனின் ஆட்டங்களைப் படித்தே தான் உருவானதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு ஆட்டங்களில் 6-6 என்று சமநிலை. விரைவு ஆட்டங்களில்தான் ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்தார். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவரின் பாடம் எவ்வளவு உயரம் வரை தாங்கும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், ஸ்பீல்மன் ஆட்டத்துக்கும் முன்னால், அதே 1909 போட்டியில் எரிக் கோனுடன் ஆடியதை வைக்கச் சொல்வேன். யானைகள் இரண்டும் மாற்றிக்கொள்ளப்பட்டு ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே இருக்கின்றன. எண்ணிக்கை அங்கேயும் சமம். வெள்ளைக்கு எஃப் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிப்பாய்கள். எச்2 சிப்பாய் துணையற்றது. கறுப்பு ராஜா எஃப்6, ஜி5, எச்4, எச்3 என்று நடந்து அதன் எதிரே போய் நின்றுவிடுகிறது. வெள்ளை ராஜா ஜி1, எச்1, மறுபடி ஜி1 என்று அங்கேயே சுற்ற வேண்டியதாகிறது. பிறகு கறுப்புச் சிப்பாய்கள் இ5, பி5, எஃப்5, ஜி5, எச்5, ஜி4 என்று ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. இந்த ஆட்டத்தைக் கணினியை மூடிவிட்டுப் பலகையில் வையுங்கள். ஒவ்வொரு நகர்விலும் வெள்ளைக்கு எத்தனை நல்ல நகர்வு மிச்சம் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். அதை முடித்த பிறகு ஸ்பீல்மனுக்கு வரலாம்.