ஒரேத்தோ வீதியும் கிளம்பாத மொத்தொரினோவும்

பலெர்மோ மத்திய புகையிரத நிலையத்தின் பின்புறம் தொடங்கித் தெற்கே நீளும் வீதிக்கு ஒரேத்தோ என்று பெயர். மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போகும் சிறிய ஆறு ஒன்றின் பெயரே அது. ஆறு என்றதும் மகாவலியை நினைத்துவிட வேண்டாம்! அதன் பெருமை பழைய பாலத்தில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ரொஜர் மன்னனின் கடற்படைத் தளபதி, அந்தியோக்கியா ஜோர்ஜ் கட்டுவித்த பாலம் இன்றும் நிற்கிறது. 1938இல் ஆற்றைத் திருப்பிவிட்டதால் அதன் கீழே இப்போது தண்ணீர் இல்லை. 2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பாலத்தைப் பார்க்க ஒருநாள் போதும். ஆனால் ஒரேத்தோ வீதியில் நாம் தினமும் கேட்பது மொத்தொரினோவின் சத்தத்தைத்தான். 50 சிசி ஸ்கூட்டரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். விடியற்காலையில் வீட்டு வேலைக்கும் சமையல் வேலைக்கும் போகும் நமக்கு, வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும்.

இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவது நமக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலகுவில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மாற்றிக்கொண்டோம். புகையும் கரிபிடித்த பிளக்கும் அதற்குக் கொடுத்த விலை.

அந்த அனுபவம் இங்கேயும் உதவும். பழைய காபரேற்றர் வண்டி கிளம்பாவிட்டால் முதலில் பெற்றோல் திறப்பைப் பாருங்கள். மாதக் கணக்கில் நின்ற வண்டியென்றால் பழைய பெற்றோலை இறக்கிவிடுங்கள். குளிர் காலையில் சொக்கை இழுத்துக் கிளப்பி, சூடேறியதும் விட்டுவிடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் அதிகம், துடைத்து உலரவிடுங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டி சிக்னலில் நின்றவுடன் அணைந்துபோனால், பெரும்பாலும் காபரேற்றரின் சிறிய துவாரம் அடைபட்டிருக்கும்.

பட்டறையில் சொல்ல நாலு வார்த்தை: 'நொன் பார்த்தே' என்றால் கிளம்பவில்லை. 'சி ஸ்பெஞ்ஞே அல் மீனிமோ' என்றால் நின்றபடி ஓடும்போது அணைந்துவிடுகிறது. பிளக்குக்குக் 'கந்தேலா' என்பார்கள். மெழுகுதிரிக்கும் அதே சொல்தான். சொக்குக்கு 'ஆரியா'. பெற்றோல் 'பென்ஸீனா', 'காசோலியோ' டீசல், அதை ஊற்றிவிடாதீர்கள். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வெஸ்பாக்கள் பலவற்றுக்கு ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் கலக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு ஒருபோதும் கலக்காதீர்கள்.

இனிப் பிள்ளைகளுக்காக ஒன்று. வேகத்தடையைக் கழற்றுவதும் பெரிய சிலிண்டரும் வேறு சைலன்சரும் போடுவதும் இளைஞர்களிடம் பழக்கமாகிவிட்டது. சைலன்சரை மட்டும் மாற்றினால் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் கிடைக்காமல் சூடு ஏறிப் பிஸ்டன் இறுகிவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து சட்டத்தில் இருக்கிறது. 50 சிசி வண்டிக்கு எல்லை மணிக்கு 45 கிலோமீற்றர். மாற்றிய வண்டியில் பிடிபட்டால் தண்டம் உண்டு. விபத்து நடந்தால், காப்புறுதி நிறுவனம் காயப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை உங்களிடமே திருப்பிக் கேட்கக்கூடும். 2000 மார்ச் முதல் எல்லா வயதினருக்கும் தலைக்கவசம் கட்டாயம். 14 வயதிலிருந்தே ஓட்டலாம். ஆனால் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

அங்கே வண்டியை மாற்றியது வழியில்லாததால். இங்கே மாற்றாமல் வைத்திருப்பதே வழி. சுத்தமான பிளக், புதிய பெற்றோல், சரியான பத்திரங்கள்: இந்த மூன்றும் இருந்தால் ஒரேத்தோ வீதியில் நாளைக் காலையும் வேலைக்குப் போகலாம்.