நெல்லுக்குக் கிராஸ் போடுகிறவர்கள்

மாலை மூன்றரை மணிக்கு மேல்தான் அந்தக் கொட்டகையில் வேலை தொடங்குகிறது. காவிரி டெல்டாவில் இருக்கும் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணை அது. மார்கழி மாதம் என்பதால் வெளியே சம்பா பூத்து நின்றது. கொட்டகைக்குள், வயலிலிருந்து சேற்றோடு பெயர்த்து வந்து தொட்டிகளில் வைத்த நெல் தூர்கள் வரிசையாக இருந்தன. நான்கு பெண்கள் தாழ்வான முக்காலிகளில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கதிரை இடது கையில் ஏந்தி, சின்னக் கத்தரிக்கோலால் உமியின் நுனியை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கே போனது நெல்லின் மரபணுத் தொகுதியை ஆராயும் விஞ்ஞானி ஒருவரைச் சந்திக்க. அவரோ, “லேபுக்கு அப்புறம் போகலாம். முதல்ல இந்த அக்காக்கள் செய்யறதைப் பாருங்க. இது நடக்கலேன்னா எங்களுக்கு அங்கே வேலையே இல்லை” என்று கொட்டகையிலேயே என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஒரு பூவுக்குள் ஆறு மகரந்தப்பைகளும் சூலகமும் ஒன்றாக இருக்கும். காலையில் உமி விரியும்போதே பை வெடித்து, மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் விழுந்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். பிறகு திறப்பதே இல்லை. இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டுமானால், தாயாக வைத்திருக்கும் ரகத்தின் பூ விரிவதற்கு முந்தின மாலையே அதன் ஆறு பைகளையும் எடுத்துவிட வேண்டும். ஒரு பை தங்கினாலும் அந்தப் பூ தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துவிடும்.

எல்லாரிலும் மூத்தவரின் அருகில் உட்கார்ந்தேன். கண்ணாடி இலையின் உறையிலிருந்து பாதிக்கு மேல் வெளிவந்திருந்த கதிரை எடுத்துக்கொண்டார். நுனியில் இருந்த பூக்களைக் கிள்ளிப் போட்டார். அடியில் இருந்தவற்றையும் கிள்ளினார்.

“மேல இருக்கறது நேத்தே விரிஞ்சு போச்சு சார். அடியில இருக்கறது பிஞ்சு. நடுவுல இருக்கறதுதான் நமக்கு ஆகும்.”

“நாளைக்கு விரியற பூ இதுதான்னு எப்படிக்கா தெரியும்?”

கதிரை வெயில் பக்கம் தூக்கிப் பிடித்தார். உமிக்குள் நிழல் போல ஏதோ தெரிந்தது. “பை பாதி உசரத்துக்கு ஏறியிருக்கு பாருங்க. ஏறலைன்னா அது நாளைக்கு இல்லை, நாளன்னிக்கு.”

என் கண்ணுக்கு எல்லாப் பூவும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவர் அடுத்தடுத்துச் சாய்வாக வெட்டிக்கொண்டே போனார். உமியின் மேல்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு போகும். சூல்முடி மேல் கத்தரி படாது. பிறகு இடுக்கி. சில பண்ணைகளில் பையை உறிஞ்சி எடுக்கும் சிறு இயந்திரம் வந்துவிட்டது. இங்கேயும் ஒன்று மூலையில் இருந்தது. “அதுல வேகம் இருக்கு. ஆனா பூவோட முடியையும் சேர்த்து இழுத்துடும், பார்த்துப் பிடிக்கணும்” என்றார். ஒரு கதிர் முடிந்ததும் பட்டர் பேப்பர் உறையை மாட்டி, அடியில் மடித்துக் குத்தி, ஒரு சீட்டைக் கட்டினார். அதில் பென்சிலால் தாய், தந்தை ரகங்களின் எண், தேதி, கடைசியில் கட்டியவர் பெயரின் முதல் எழுத்து. அந்த ஒற்றை எழுத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் காலை பனி மூட்டமாக இருந்தது. குளிர்ந்தால் பூ தாமதமாக விரியும் என்பதால் எல்லாரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியபோது தந்தை ரகத்தின் கதிர்கள் ஒவ்வொன்றாக வெடித்து மஞ்சளாகத் தொங்கின. அதற்குப் பிறகு யாரும் நின்று பேசவில்லை. நெல் மகரந்தம் காற்றில் சில நிமிடங்களுக்குள் உயிர்ப்பை இழந்துவிடும். கதிரை ஒடித்துக்கொண்டு ஓடி வந்து, உறையின் வாயைத் திறந்து, தலைகீழாகப் பிடித்து விரலால் சுண்டினார்கள். மூடினார்கள். அடுத்த தொட்டி. சரியாகப் பட்டதென்றால் சில நாட்களில் வெட்டிய உமிக்குள் சூலகம் பருத்துத் தெரியும். பாதி உமியை விட்டு வெளியே துருத்திக்கொண்டு, நிறம் மங்கிப்போய் முற்றும் அந்த மணிகள் பார்வைக்கு அழகானவை அல்ல. ஒரு புதிய ரகம் தொடங்குவது அந்த மணியிலிருந்துதான்.

அன்று சேர்த்துக்கொண்டிருந்த கலப்பைப் புரிந்துகொள்ள ஒடிசாவுக்குப் போக வேண்டும். அங்கே தள்புட்டியா என்று ஒரு நாட்டு நெல் இருந்தது. வெள்ளம் மூடினாலும் சாகாத நெல். அதிலிருந்து தேர்ந்தெடுத்த வழிக்கு எஃப்.ஆர். 13 ஏ என்று பெயர். சாதாரண நெல் நீரில் மூழ்கினால் மூச்சுக்காக அவசரமாக வளரும். தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் அந்த வளர்ச்சியிலேயே செலவழித்துவிட்டு, வெள்ளம் வடியும்போது துவண்டு மடியும். எஃப்.ஆர். 13 ஏ வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அடங்கிக் கிடக்கும். இரண்டு வாரம் கழிந்து நீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். இந்தக் குணம் ஒன்பதாவது குரோமோசோமில் இருப்பதை 1996-இல் கெனாங் ஷூவும் டேவிட் மக்கிலும் கண்டார்கள். சப்1ஏ என்ற மரபணுதான் அதற்குக் காரணம் என்பது 2006-இல் வெளிவந்தது. பமீலா ரொனால்டின் குழுவும் அந்த ஆய்வில் இருந்தது. மூன்றே ஆண்டில், 2009-இல், ஸ்வர்ணா என்ற ரகத்துக்குள் இந்த மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா சப்1 இந்தியாவில் வெளியிடப்பட்டது.

டெல்டாக்காரர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. வடகிழக்குப் பருவமழை அடிக்கும்போது நாகப்பட்டினம், திருவாரூர் வயல்களில் சம்பா நாற்று மூழ்கிக் கிடப்பதைப் பார்க்காத குடும்பம் இங்கே உண்டா? பொன்மணி என்று நாம் சொல்லும் சி.ஆர். 1009 இந்தப் பகுதியின் நீண்ட கால ரகம். அதற்குள்ளும் இந்த மரபணுவைச் சேர்த்து சி.ஆர். 1009 சப்1 வந்தது. பொன்மணியின் மற்ற குணங்கள் மாறாமல் இந்த ஒரு குணம் மட்டும் சேர வேண்டுமே! அதற்காக, கலப்பில் வந்த செடியை மீண்டும் மீண்டும் தாய் ரகத்தோடே சேர்க்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மாலையில் கத்தரி, காலையில் மகரந்தம்.

மதியம்தான் ஆய்வகத்துக்குப் போனேன். நெல்லின் பன்னிரண்டு குரோமோசோம்களில் 38 கோடிக்கும் அதிகமான எழுத்துகள். பத்து நாடுகள் சேர்ந்து அதை முழுமையாகப் படித்து 2005-இல் வெளியிட்டன. பதினோராவது குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்தது இந்தியா. 2014-இல் 89 நாடுகளைச் சேர்ந்த மூவாயிரம் நெல் வகைகளின் தொகுதிகள் ஒன்றாக வெளிவந்தன. இதனால் வயலில் என்ன மாறியது என்று கேட்டேன். விஞ்ஞானி நாற்றிலிருந்து கிள்ளிய இலைத்துண்டு ஒன்றைக் காட்டினார். முன்பெல்லாம் செடியை நீரில் மூழ்கடித்து, எது பிழைக்கிறது என்று காத்திருக்க வேண்டும். இப்போது நாற்றுப் பருவத்திலேயே இந்தத் துண்டிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, சப்1ஏ உள்ள நாற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் களையலாம். அந்தப் பயிர் பூக்கும்போதே அடுத்த கலப்பையும் போட்டுவிடலாம்.

அதே இலைத்துண்டு இன்னொன்றையும் சொல்லும். மணி உண்மையிலேயே கலப்பில் பிறந்ததா, ஏதாவது ஒரு பை தப்பி நின்றதால் தானாகப் பிடித்ததா என்று தெரிந்துவிடும். “எங்க மூத்த அக்கா போட்டதுன்னா சோதிக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், கலப்பாத்தான் இருக்கும்” என்றார் விஞ்ஞானி. கொட்டகையில் இதைச் சொன்னபோது அந்த அக்கா சிரிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. “இருக்கணும்ல சார்?” என்று கேட்டார். கலப்புச் செடிகளின் வரிசையில் வேறு உயரம், வேறு நிறம் உள்ள கலவனை முதலில் கண்டுபிடிப்பவரும் அவர்தான். ஒரு வரிசையைக் காட்டி, “இதுல நாலாவது தூர் வேற” என்றார். நான் குனிந்து வெகுநேரம் பார்த்த பிறகுதான் கண்ணாடி இலை சற்றே சாய்ந்திருப்பது தெரிந்தது.

இந்தக் கைகளுக்கு நம்மிடம் நீண்ட வரலாறு இருக்கிறது. கோவையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912-இல் தொடங்கியது. கிச்சிலிச் சம்பாவில் இயற்கையாகத் தோன்றிய மாறுபாட்டிலிருந்து வந்த ஜி.இ.பி. 24 என்ற ரகத்தை அது வெளியிட்டது. பின்னாளில், கட்டாக்கில் நடந்த இண்டிகா - ஜப்பானிகா கலப்புத் திட்டத்தின் வழியில் அந்த ஜி.இ.பி. 24-ஐ ஜப்பானிய ரகத்தோடு சேர்த்துப் பிறந்தது ஆடுதுறை 27. 1965-இல் தஞ்சை வயல்களுக்கு வந்தது. ஐ.ஆர். 50-ஐயும் வெள்ளைப் பொன்னியையும் சேர்த்து ஆடுதுறை 43. ஒவ்வொன்றுக்கும் தாய் தந்தை யார் என்று ஏடுகளில் இருக்கிறது. விஞ்ஞானிகள் பெயர் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். முந்தின மாலை அந்தப் பூவைத் திறந்தவர் யார் என்று எங்கே இருக்கிறது?

இனி அந்த ஒற்றை எழுத்து. மணி முற்றியதும் சீட்டோடு அறுத்துக் காகித உறைக்குள் போடுகிறார்கள். அங்கிருந்து பதிவேட்டுக்குப் போகும்போது தாய், தந்தை, தேதி ஏறுகின்றன. முதல் எழுத்துக்கு அங்கே கட்டம் இல்லை. நான் பார்த்த நால்வரும் தினக்கூலிகள். பூக்கும் காலத்தில் கொட்டகை, மற்ற நாட்களில் களை, நாற்று, அறுப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே கூலி. மூத்தவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய மாமியார். இளையவள் ஒருத்தி, “அடுத்த வருஷம் திருப்பூர் போயிடுவேன் சார்” என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2001-இல் நம் நாடு பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ரகத்தை உருவாக்குகிறவர் என்ற வரையறைக்குள் உழவரையும் அது சேர்த்தது. நாட்டு ரகங்களைக் காத்துவரும் உழவர் சமூகங்களுக்கு விருதும் தருகிறார்கள். தள்புட்டியாவைத் தலைமுறைகளாக விதைத்துக் காத்தவர்களின் பங்கு மதிப்புடையது என்று சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு, அந்த நெல்லைப் பொன்மணியோடு சேர்த்த கைகளுக்கு ஒரு வரி ஒதுக்குவதில் என்ன தடை? புதிய ரகம் வெளியிடும் ஏட்டில் கலப்புப் போட்டவரின் முழுப்பெயரை எழுதுங்கள். இந்த வேலையைத் தனித் தொழிலாக அங்கீகரித்து, அதற்கென்று ஒரு பதவியும் நிலையான சம்பளமும் கொடுங்கள். அந்தப் பெண் திருப்பூருக்குப் பஸ் ஏறுவதற்கு முன்பே செய்யுங்கள்.