மூச்சை விடுவது

ஆறு மாதங்களாகக் காலை ஐந்தரை மணிக்கு மொட்டைமாடியில் பாய் விரித்து உடற்பயிற்சி செய்து வருகிறேன். இதை இங்கே ஒப்புக்கொள்வதில் சற்றுக் கூச்சம் இருக்கிறது. கவிதையில் உடம்பு படிமமாக வந்தால் நாம் அதைப் பற்றி நிறையப் பேசுவோம். ரத்த அழுத்தம் என்று அது நேராகவே வந்து நின்றால் பேச்சை மாற்றிவிடுவோம்.

எனக்கு அது நேராகத்தான் வந்தது. வங்கிக் கவுண்டரில் பத்து வருஷம் உட்கார்ந்த பிறகு டாக்டர் கருவியைப் பார்த்து 146/94 என்றார். மாத்திரை எழுதுவதற்கு முன் மூன்று மாதம் நடையும் மூச்சுப் பயிற்சியும் செய்து பார்க்கச் சொன்னார். எங்கள் தெருமுனையில் ஒரு மனவளக்கலை மன்றம் இருக்கிறது. கோவை, பொள்ளாச்சிப் பக்கம் அது இல்லாத தெருவைத்தான் தேடவேண்டும். வேதாத்திரி மகரிஷி வகுத்த எளிய முறை உடற்பயிற்சியை அங்கே கற்றுக்கொண்டேன். கை, கால், மூச்சு, கண், மகராசனம், உடலைத் தேய்த்துக்கொள்வது, கடைசியில் அசையாமல் படுத்து உடலைத் தளர்த்துவது. கபாலபதி மட்டும் என் அழுத்தத்துக்கு ஆகாது என்று விட்டுவிட்டார்கள். அவருடைய தத்துவத்துக்குள் நான் போகவில்லை. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியில் உட்கார்ந்து பழகிய ஒருவர் இதை வகுத்தார் என்பது மட்டும் எனக்கு முக்கியமாகப் பட்டது. குனிந்தே இருக்கிற முதுகுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1984இல் ஆழியாறில் அவர் எழுப்பிய அறிவுத்திருக்கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டும் வந்தேன்.

மூச்சை எண்ணத் தொடங்கியதும் விமர்சகன் விழித்துக்கொண்டான். திருமூலர் தரும் கணக்கு: இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32. எழுத்தின் ஒலியை அளக்கத் தொல்காப்பியம் சொல்வதும் மாத்திரைதான்; கண் இமைக்கிற, விரல் நொடிக்கிற நேரம். எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போதும் அது உந்தியிலிருந்து எழும் காற்றில்தான் தொடங்குகிறது. யோகிக்கும் புலவனுக்கும் ஒரே அளவுகோல் இருந்திருக்கிறது. டாக்டர் எழுதாமல் விட்ட மாத்திரையையும் சேர்த்துக்கொண்டு சிரித்தேன். யாப்பை விட்டுவிட்ட பிறகு வரியை எங்கே ஒடிப்பது என்ற கேள்வி, 1959இல் 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து நம்மிடம் இருக்கிறது. சார்ல்ஸ் ஓல்ஸன் 1950இல் எழுதிய கட்டுரையில், வரி எழுதுகிறவனின் மூச்சிலிருந்து வரவேண்டும் என்றார். இதையெல்லாம் இணைத்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று குறிப்புகளும் எடுத்தேன்.

அந்தக் கட்டுரையை எழுதவில்லை. காரணம் கீழ்வீட்டில் படுத்திருக்கிற என் அப்பா.

அப்பா 26 வருஷம் ஒரு நூற்பாலையில், ப்ளோரூமில் வேலை பார்த்தவர். பஞ்சுப் பொதியைப் பிரித்து அடித்துத் தூசி பறக்கும் இடம் அது. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனால் அன்று நெஞ்சை இறுக்கும். செவ்வாய், புதன் தேவலாம். வார விடுமுறைக்குப் பிறகு தூசி மறுபடி உள்ளே போகும் முதல் நாளில் நெஞ்சு இப்படி இறுகுவதுதான் பிஸினோஸிஸ் என்ற நோயின் தொடக்க அடையாளம். தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. அப்பாவின் சீட்டுகளில் கடைசிவரை ஆஸ்துமா என்றே இருந்தது. நஷ்டஈடு என்ற பேச்சே எழவில்லை. மில் மூடியாயிற்று, தூசி மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

அவர் பேசுவது இரண்டு வார்த்தை, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு வார்த்தை. கவிதைகளில் வரி ஏன் இங்கே உடைகிறது என்று காரணம் கேட்டே பல மதிப்புரைகள் எழுதியிருக்கிறேன். வீட்டில் ஒருவர் தினமும் வரியை உடைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். அதற்குக் காரணம் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. பி.ஏ.யில் படித்த இங்கிலீஷ் என் காதை எங்கே திருப்பி வைத்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

போன மாதம் அவருக்கும் பயிற்சியைச் சொல்லித்தரலாம் என்று, "நீங்களும் மேல வாங்ப்பா, மூச்சு இழுக்கறதுக்குச் சொல்லித் தர்றேன்" என்றேன். அவர் சிரித்தார்.

"இழுக்கறதுக்கு... ஆளு வேணுமா கண்ணு? அது தானா... வருது. உடறதுதான்... பாடு."

இது வெறும் சாமர்த்தியப் பேச்சு அல்ல. சுருங்கிய மூச்சுக்குழாய்களில் காற்று வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. நெஞ்சு டாக்டர் அவருக்கு முன்பே ஒன்று கற்றுத்தந்திருக்கிறார்: மூக்கால் இழு, உதட்டைக் குவித்துச் சூடான காப்பியை ஊதுவதுபோல மெதுவாக விடு, இழுக்க இரண்டு எண்ணினால் விட நான்கு. உதட்டில் உண்டாகும் எதிரழுத்தம் குழாய்கள் மூடிக்கொள்ளாமல் தாங்குகிறது. நடுவில் நிறுத்துவதை விட்டுவிட்டால் திருமூலரின் கணக்கும் இதே விகிதம்தான், ஒன்றுக்கு இரண்டு. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. எனக்குக் காலையில் கிடைக்கிற அமைதியில் பெரும்பங்கு அந்த நீண்ட வெளிமூச்சில் இருக்கிறது. எனக்கு அது அமைதி. அவருக்கு அது அடுத்த மூச்சுக்கு உள்ளே இடம் உண்டாக்கும் வேலை.

இப்போது நான் மாடிக்குப் போவதில்லை. பாயைக் கீழே திண்ணையில் விரிக்கிறேன். மாடிப்படி அவருக்கு ஆகாது. கைப்பயிற்சியும் கால்பயிற்சியும் முடிந்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் ஆறு எண்ணி இழுத்துப் பன்னிரண்டு எண்ணி விடுகிறவன். முதல் சில நாள் என் கணக்கில் நான் போய்க்கொண்டிருந்தேன். நான் ஒன்றை முடிப்பதற்குள் அவர் மூன்றாவதில் இருப்பார். ஒருநாள் என் எண்ணிக்கையைக் குறைத்து அவருடையதோடு வைத்துப் பார்த்தேன். இழுக்க இரண்டு, விட நான்கு.

நான்கு எண்ணுவதற்குள் என் நெஞ்சு காலியாகவில்லை. அவருடையது அதற்குள் அடுத்த மூச்சைக் கேட்டது.