பூனை வீடியோவும் ஒற்றை ஒளித்துகளும்

2023 டிசம்பர் 11 அன்று நாசாவின் சைக்கி விண்கலம் ஒரு பூனை வீடியோவை லேசர் வெளிச்சத்திலேயே பூமிக்கு அனுப்பியது. பூனையின் பேர் டேட்டர்ஸ். வந்த தூரம் சுமார் 3.1 கோடி கிலோமீட்டர். பூனைன்னா உயிரை விடும் என் எட்டு வயது மகள், அதை நாலாவது தடவை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, அவ்ளோ தூரம் வந்தா லைட் மங்கிப் போயிடாதா?"

நியாயமான கேள்வி. அந்த லேசரின் சக்தியே ஏறக்குறைய 4 வாட்தான். பூமியைத் தொடும்போது அது சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். கலிபோர்னியாவின் பலோமார் தொலைநோக்கி, தன் 5 மீட்டர் கண்ணாடியால் அதில் அள்ளுவது ரொம்பக் கொஞ்சம். அதனால் ஒவ்வொரு ஒளித்துகளும் கணக்கு.

பதிலைத் தமிழிலேயே சொல்லிப் பார்த்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த நம்ம வீடுகளில் தமிழ் சாப்பாட்டுக்கும் திட்டுக்கும் மட்டும்னு சுருங்கிட்டு வருது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய ஒரு கம்பி. மைனஸ் 272 டிகிரிக்குக் குளிர வைத்தால் தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும். அதற்குப் பேர் மீக்கடத்தி. அது தாங்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே வரை மின்சாரத்தை ஏற்றி வைப்பார்கள். "டம்ளர்ல விளிம்பு வரைக்கும் தண்ணியா?" என்றாள். அதேதான். ஒரே ஒரு ஒளித்துகள் விழுந்தாலும் அந்த இடம் சூடாகி, மீக்கடத்தித் தன்மை போய், தடை முளைக்கும். உடனே ஒரு மின்துடிப்பு வெளியே வரும். இதை 2001-இல் முதலில் செய்து காட்டியது மாஸ்கோ, ராச்செஸ்டர் ஆய்வாளர்கள்.

மென்பொருள் எழுதும் எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம்தான். துகள் வந்ததா என்பது மட்டுமல்ல, எந்த நொடித்துளியில் வந்தது என்பதுதான் செய்தி. அந்த நேரங்களிலிருந்துதான் பூனையைத் திரும்பக் கோர்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பாட்டியோடு அவள் பேசுவது வழக்கமாக "சாப்டியா?", "சாப்டேன்" என்பதோடு முடிந்துவிடும். இந்த வாரம் இருபது நிமிஷம். மீக்கடத்தி, டம்ளர், எல்லாம் சொன்னாள். பாட்டி விடவில்லை: "சூடாச்சுன்னா அந்தக் கம்பி அறுந்துடாதாடி?"

"இல்ல பாட்டி, கண்ணிமைக்கிறதுக்குள்ள ஆறிடும். அப்புறம் அடுத்ததுக்கு ரெடி."