சாலைக் கடைத்தெருவில் ஒரு சிறுவன்

நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் புறப்பட்டுத் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கினால், நடந்தே சாலைக் கடைத்தெருவை அடைந்துவிடலாம். கிழக்கே கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் இவ்வீதியை, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கினார். வத்தல் மிளகாய் மூட்டைகள், பித்தளைப் பாத்திரங்கள், வாழைத்தார்கள், தோவாளைப் பூக்கூடைகள், தலைச்சுமையோடு கூவி வரும் சுமட்டுத் தொழிலாளர்கள் என்று எங்கும் இரைச்சல். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிக்கும் இடம் இது. நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே வேரூன்றியிருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு விசுவாசக் குடும்பத்தைச் சந்திக்கவே நான் சென்றிருந்தேன். சகோதரர் பலசரக்குக் கடை நடத்துகிறார். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு. மகனுக்கு ஆட்டிசம் என்னும் மதியிறுக்கம் உண்டு.

யார் செய்த பாவம்?

ஒன்றரை வயதிலும் பிள்ளை பேர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை. வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டவில்லை. மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தான். "ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்" என்று உறவினர் தேற்றினர். ஆராதனையில் ஒலிபெருக்கி முழங்கியதும் அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். அசுத்த ஆவி என்றார் ஒருவர். குடும்பத்தில் என்ன பாவம் என்று கேட்டார் மற்றொருவர். அதன்பின் பல மாதங்கள் அவர்கள் சபைக்கு வரவில்லை.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இதையே கேட்டார்கள். இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்பதே ஆண்டவர் தந்த பதிலின் கருத்து. யோவான் 9ஆம் அதிகாரத்தை அறிந்த நாமே அக்கேள்வியை மீண்டும் கேட்கலாமா?

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இவ்வாறே தவறியது. 1943இல் லியோ கானர் என்னும் மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்த பின்பு, தாயின் அன்புக் குறைவே காரணம் என்ற எண்ணம் பரவியது. தாமே அத்தகைய மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்டு ரிம்லண்ட் 1964இல் அதை மறுத்து நூல் எழுதினார். இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பது இன்று தெளிவு. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் வெளியான கட்டுரையை அதே மருத்துவ இதழ் 2010இல் திரும்பப் பெற்றது.

மக்களே, மோனே

திருவனந்தபுரத்தில் உதவிக்குக் குறைவில்லை. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வளர்ச்சியை எளிதில் சோதிக்க அங்கே உருவான அட்டவணை இந்நகரின் பெயரையே தாங்கியுள்ளது. 1997இல் செவித்திறன் குறைந்தோருக்காகத் தொடங்கிய, ஆக்குளத்தில் உள்ள 'நிஷ்' நிறுவனம் பின்னர் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் பயிற்சி அளிக்கலாயிற்று.

ஆனாலும் இடறல் வந்தது. ஒரு பயிற்சியாளர், "இரண்டு மொழி குழப்பும், வீட்டில் மலையாளம் மட்டும் பேசுங்கள்" என்றார். சகோதரிக்கோ கடையில் விலை பேசுமளவே மலையாளம் தெரியும். "மக்களே" என்று கொஞ்சுவதை நிறுத்தினார். தாலாட்டு நின்றது. வீடு மௌனமாயிற்று. ஓராண்டுக்குப் பின் வேறொரு மருத்துவர், "உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் பேசுங்கள் அம்மா. மௌனம்தான் கெடுதல்" என்றார். இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு மேலும் பின்தங்குவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் இதை நினைவிற்கொள்வது நல்லது. இதே சாலையில் கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன் மலையாளத்தில் பயின்று, தமிழில் எழுதி, 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். இரு மொழியில் வாழ்வது இத்தெருவுக்குப் புதிதன்று.

இன்று அவன் வீட்டில் "மக்களே" என்றாலும் திரும்புகிறான், தெருவில் "மோனே" என்றாலும் திரும்புகிறான்.

கடைத்தெருவே பள்ளிக்கூடம்

கூட்டம் பெருகுமுன், விடியற்காலையில் தகப்பன் அவனைக் கடைக்கு அழைத்துச் செல்கிறார். செய்யவேண்டிய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திய அட்டையைத் தமக்கை எழுதித் தந்திருக்கிறாள். கதவு திறப்பது, துடைப்பது, எடைக்கற்களை அடுக்குவது, பின்பு பக்கத்துக் கடையில் தேநீர் வாங்குவது. எடைக்கற்களை அவன் ஒருநாளும் மாற்றி வைப்பதில்லையாம். இரைச்சல் மிகுந்தால் காதுமூடி அணிந்துகொள்கிறான்.

தமக்கையிடம், "உனக்குக் கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டேன். "சில நாள் கோபம் வரும் மாமா. எல்லாரும் அவனைப் பற்றியே கேட்பார்கள்" என்றாள். அது முதல் சனிக்கிழமை மாலை அவளுக்கு மட்டும் என்று தாய் ஒதுக்கியிருக்கிறார்.

"எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்?" என்பதே பெற்றோரின் தீராத பாரம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குப் பின்னும் தேவைப்படுவோருக்குச் சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். 'நிராமயா' மருத்துவக் காப்பீடும் அதன்கீழ் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. சான்றிதழ் பெறுவது விசுவாசக் குறைவு என்று எண்ணித் தயங்க வேண்டாம்.

பின்வரிசையில் ஓர் இடம்

அவர்களுடைய போதகர் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். இப்போது ஒலிபெருக்கிக்குத் தொலைவில், வாசலருகே அவர்களுக்கு ஓர் இருக்கை உண்டு. பாடல் வேளையில் அவன் எழுந்து வெளியே போனால், வாலிபச் சகோதரர் ஒருவர் கூடவே நடக்கிறார். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் புறப்பட்டபோது அச்சிறுவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் என் கையில் ஓர் எடைக்கல்லை வைத்து, உடனே திரும்ப வாங்கிக்கொண்டான். "உங்களைப் பிடித்துவிட்டது" என்று தாய் சிரித்தார். அன்பானவர்களே, உங்கள் சபையிலும் வராமல் நின்றுபோன குடும்பம் ஒன்று இருக்கலாம். அவர்களுக்காக ஜெபியுங்கள். அத்துடன், வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசலருகே அவர்களுக்கு ஓர் இடமும் போட்டு வையுங்கள்.