பகலிலே சேப்பாக்கம், இரவிலே மயிலாப்பூர்

ஒரு பட்டினத்தைக் கண்ணாற் காண்பதற்கு முன்னரே காதினாற் கண்டவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தவராகிய எங்களுக்குச் சென்னை அத்தகைய பட்டினம். இடையிலே கடல் கிடந்தாலும், இந்திய வானொலி எங்கள் வீட்டு முற்றம்வரை தடையின்றி வந்தது. மார்கழியிற் சங்கீதக் கச்சேரி. தைப்பொங்கலையொட்டிக் கிரிக்கெட் வருணனை. இவ்விரண்டையும் கொண்டே நாங்கள் ஒரு சென்னையை மனத்தில் கட்டி வைத்திருந்தோம்.

1990ஆம் ஆண்டிற் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிகளும் கிடைத்தற்கரிய பொருளாயின. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட காலத்தை வாசகர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். 1993 பெப்ரவரியில், சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராகச் சச்சின் டெண்டுல்கர் 165 ஓட்டங்கள் எடுத்ததை நாங்கள் அவ்வாறுதான் கேட்டோம். நாங்கள் பள்ளித் தோழர் மூவர். இருவர் வானொலியருகே காதைச் சாய்த்திருப்போம். மூன்றாமவர் சில்லைச் சுழற்றுவார். முறைவைத்துச் சுழற்றுவது என்பதே ஏற்பாடு. ஆயினும், உடல் வலிமை மிக்கவர் என்ற சாக்கினால் அவ்வேலை பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுந்தது.

அம்மூவரும் 2016 டிசம்பரிற் சென்னையிலே ஒன்று கூடினோம். ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார்; சில்லுச் சுழற்றியவர் கனடாவிலிருந்து வந்தார். நான் வடக்கே உள்ள நகருக்குச் செல்லத் தெற்கே கட்டுநாயக்கா வரை இரவு முழுவதும் பஸ்ஸிற் பயணஞ் செய்தேன். (பலாலியிலிருந்து சென்னைக்கான விமான சேவை 2019இல் தொடங்கி, இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று.)

அம்மாதம் 12ஆந் திகதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியிருந்தது. வீதியோரங்களில் வேரோடு சாய்ந்த மரங்கள் கிடந்தன. 16ஆந் திகதி டெஸ்ட் ஆட்டம் தொடங்க வேண்டும், ஆடுகளமோ ஈரம். எரியும் கரியைத் தட்டுகளில் இட்டு, அதன் வெம்மையால் ஆடுகளத்தை உலர்த்தினார்கள். ஆட்டம் குறித்த நாளிலேயே தொடங்கியது.

நாங்கள் சென்றது நான்காம் நாள். காலையில் 71 ஓட்டங்களுடன் ஆடவந்தவர் கருண் நாயர் என்ற இளைஞர். அது அவருடைய மூன்றாவது டெஸ்ட். அதற்கு முன் ஒரு சதங்கூடப் பெறாதவர், அன்று மாலை 303 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காது நின்றார். விரேந்தர் சேவாக்கிற்குப் பின் முச்சதம் பெற்ற இரண்டாவது இந்தியர் அவரே. இந்தியா 7 விக்கெட்டுக்கு 759 ஓட்டங்களோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது.

ஓட்டக் கணக்கைப் பத்திரிகையிற் படிக்கலாம். படிக்க முடியாதது பக்கத்து ஆசனத்திலே இருக்கிறது. எங்களருகே இருந்த முதியவர், இங்கிலாந்து வீரர் ஒருவர் எல்லையருகே ஓடிப் பந்தை மறித்தபோதும் கைதட்டினார். 1999 ஜனவரியில் இதே மைதானத்தில் பாகிஸ்தான் 12 ஓட்டங்களால் இந்தியாவை வென்றது. அன்று சென்னை மக்கள் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கரகோஷஞ் செய்தார்கள். “அன்னைக்கு நானும் எழுந்து நின்னேன் சார்” என்று அம்முதியவர் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றியது. தோல்வியிலும் ரசிக்கத் தெரிந்த கூட்டம் அது!

மைதானத்தை ஒட்டியே சேப்பாக்கம் ரயில் நிலையம். அதே பாதையிற் சில நிலையங்கள் கடந்தாற் திருமயிலை. வெயிலிற் கறுத்த முகங்களோடு மயிலாப்பூர்ச் சபையொன்றினுள் நுழைந்தோம். முதலிற் சென்றது சிற்றுண்டிச்சாலைக்கே என்பதை ஒப்புக்கொள்கிறேன். மார்கழிச் சபைகளில் கச்சேரியை விமர்சிப்பவர் தொகைக்கு வடையை விமர்சிப்பவர் தொகை குறைந்ததன்று.

கச்சேரி வர்ணத்தில் தொடங்கி, மெல்ல வளர்ந்து, பிரதான கீர்த்தனைக்கு வந்தது. இராகம் விரிய விரிய, முன்வரிசையிலிருந்து “பலே” என்ற சொல் சரியான இடத்தில் எழுந்தது. சேப்பாக்கத்து முதியவரின் கைதட்டுக்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தோன்றவில்லை. நுட்பம் அறிந்த காது, நுட்பம் அறிந்த கண். இரண்டும் ஒரே ஊரின் பயிற்சி.

பின்னர் தனி ஆவர்த்தனம் தொடங்கியது. மிருதங்கம் முழங்கத் தொடங்கியதும் சபையிற் பாதிப்பேர் காப்பிக்கு எழுவது அங்கு ஒரு வழக்கம். நானும் கொழும்பு நண்பரும் எழுந்தோம். கனடா நண்பர் அசையவில்லை.

“வா மச்சான், காப்பி குடிச்சிட்டு வருவம்” என்றேன்.

“நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. அந்த நாளையில நீங்கள் பாட்டுக் கேட்டீங்கள். சில்லுச் சத்தத்துக்குள்ள எனக்கு மிருதங்கம் மட்டுந்தான் கேட்டது” என்றார்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்குக் கால் எழவில்லை. இருபத்துமூன்று ஆண்டுகளாக நாங்கள் இருவரும் ‘சேர்ந்து கேட்டோம்’ என்று சொல்லி மகிழ்ந்த கச்சேரிகளில், ஒருவர் கேட்டது வேறு கச்சேரி என்பதை அன்றுதான் அறிந்தோம். மீண்டும் அமர்ந்தோம். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வினாவிடையாடி, நெருங்கி, ஒன்றாகித் தீர்மானத்தில் வந்து விழும்வரை மூவரும் தொடையிலே தாளமிட்டிருந்தோம்.

வீட்டிலிருந்தபடியே ஆட்டத்தையும் பாட்டையும் தெளிவாகப் பெறும் வசதி இன்று எல்லோருக்கும் உண்டு. எனினும் அருகிருக்கும் நண்பன் எதைக் கேட்கிறான் என்பதை அறிய, அவனருகே போய் அமரவே வேண்டும்.

மார்கழியிற் சென்னைக்குச் செல்லும் அன்பர்கள், பழைய தோழர் ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்க. தனி ஆவர்த்தனத்தின்போது மட்டும் எழுந்துவிட வேண்டாம். காப்பி பிறகும் கிடைக்கும்.